தைத்தால் போதாது, ஆறவும் விட வேண்டும்

குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், மனிதனின் முழங்கால் என்ன பாடு படுகிறது என்று தெரிந்துவிடும். வள்ளத்திலிருந்து குதிக்கிறவர் ஒரு காலை ஈர மணலில் ஊன்றிக்கொண்டு, உடம்பை மட்டும் திருப்பி வலையை வாங்குகிறார். பெண்கள் மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்து மீனைத் தரம் பிரிக்கிறார்கள். பிறகு நிறைந்த சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, குத்தவைத்த நிலையிலிருந்தே ஒரே வீச்சில் எழுந்து நிற்கிறார்கள். கரையை விட்டு உள்ளே வந்தால் தென்னை ஏறுகிறவர்கள், கதம்பல் அடிக்கிறவர்கள். இன்னும் உள்ளே போனால் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். பள்ளிவாசலில் ஐந்து நேரத் தொழுகை, தேவாலயத்தில் மண்டியிட்ட ஜெபம். உழைப்பும் வழிபாடும் முழங்காலை முழுதாக மடக்கச் சொல்கிற கரை இது.

இந்தக் கரையில் ஒருவருக்கு முட்டில் ஜவ்வு கிழிந்தால் என்ன ஆகிறது? முதலில் எண்ணெய்க் கட்டு. பிறகு வலி மாத்திரை. கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போன பிறகு நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ பயணம். அங்கே மருத்துவர் இரண்டு வழி சொல்கிறார். கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிடலாம், சில வாரங்களில் வேலைக்குப் போகலாம். அல்லது கிழிசலைத் தைக்கலாம், ஆனால் நான்கிலிருந்து ஆறு மாதம் கனமான வேலை கூடாது. தினக்கூலியில் வாழும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிவின் விலையைப் பதினைந்து, இருபது ஆண்டு கழித்து அதே குடும்பம் தேய்ந்த மூட்டாகக் கட்டுகிறது.

உடலுக்குள் தானே கரைந்துபோகும் ஆணிகள், அம்புகள், நங்கூரங்கள் என்று கிழிந்த சவ்வைச் சேர்த்துப் பிடிக்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் வரலாறு கற்றுத் தரும் பாடம் ஒன்றுதான். கருவி பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. ஆற வைப்பது ரத்தமும் காலமும். அந்தக் காலத்தை வாங்க வசதியில்லாத உழைப்பாளிக்கு எவ்வளவு உயர்ந்த கருவியும் பயன்படாது.

பயனற்றது என்று எறிந்த காலம்

முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்காலின் பெரிய எலும்பும் சந்திக்கும் இடத்தில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்பது மருத்துவப் பெயர். சருவத்துக்கும் தலைக்கும் நடுவே மீன்காரப் பெண் வைக்கும் சும்மாடு செய்கிற வேலையைத்தான் இவை செய்கின்றன. உருண்டையான மேல் எலும்பின் பாரம் ஒரே புள்ளியில் இறங்காமல் பரப்பி வாங்கிக்கொள்கின்றன. கால் நேராக இருக்கும்போது முட்டில் இறங்கும் பாரத்தில் ஏறத்தாழ பாதியும், செங்கோணமாக மடங்கும்போது சுமார் 85 சதவீதமும் இவை வழியாகவே போகின்றன. மடக்க மடக்கப் பாரம் கூடும். குத்தவைக்கும்போது உள்பக்கச் சவ்வின் பின்முனை மிகுந்த நெருக்கடிக்கு ஆளாவது இதனால்தான்.

இந்தச் சவ்வை முதலில் தைத்தவராக மருத்துவ வரலாறு குறிப்பது எடின்பரோவின் தாமஸ் அனன்டேலை. ஆண்டு 1883. நோயாளி ஒரு சுரங்கத் தொழிலாளி. முட்டி போட்டும் குந்தியும் வேலை செய்த அந்த மனிதரின் பிசகிய சவ்வை, விலங்குக் குடலிலிருந்து செய்த, உடலில் கரையும் நூலால் அனன்டேல் இடத்தில் தைத்து வைத்தார். கரையும் பொருளைக் கொண்டு சவ்வைக் காப்பாற்றும் எண்ணம் 140 ஆண்டுப் பழையது. அதன் முதல் பயனாளி ஓர் உழைப்பாளி. அந்த அறுவை பற்றி அனன்டேல் 1885-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்.

அந்த வழியில் உலகம் போகவில்லை. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் உடற்கூற்று அறிஞர் ஜான் பிளாண்ட்-சட்டன், இந்தச் சவ்வுகள் கால் தசைகளின் வேலையற்ற மிச்சம் என்று எழுதினார். வேலையில்லாததை வைத்துக் காப்பாற்றுவானேன் என்று, கிழிந்தால் முழுதாக எடுத்துவிடுவதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. 1948-இல் பிரிட்டிஷ் அறுவை நிபுணர் ஃபேர்பேங்க், சவ்வு எடுக்கப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார். எலும்பின் விளிம்பில் மேடு தட்டியிருந்தது, உருண்டை தட்டையாகியிருந்தது, மூட்டின் இடைவெளி குறுகியிருந்தது. சவ்வை முழுதாக எடுத்தால் குருத்தெலும்பின் மேல் விழும் அழுத்தம் இரண்டு, மூன்று மடங்காகிறது என்று பிற்கால ஆய்வுகள் அளந்து சொல்லின. ஒரு தலைமுறை முழுக்கத் தேவையற்றது என்று எறியப்பட்டது, மூட்டைக் காத்துக்கொண்டிருந்த பொருள்.

ரத்தம் எட்டும் ஓரம்

அப்படியானால் எல்லாக் கிழிசலையும் தைத்துவிடலாமே? முடியாது. 1982-இல் அமெரிக்காவின் ஆர்னோட்ஸ்கியும் வாரனும் சவ்வுக்குள் ரத்தக் குழாய்கள் எதுவரை போகின்றன என்று நுணுக்கமாகப் படம்பிடித்தார்கள். பெரியவர்களுக்கு வெளிவிளிம்பில் பத்திலிருந்து முப்பது சதவீத அகலத்துக்குத்தான் ரத்தம் எட்டுகிறது. மூட்டின் நடுப்பக்கம் பார்த்த உள்விளிம்புக்கு ரத்தமே இல்லை. வெளிவிளிம்பில் நெடுக்காகக் கிழிந்தால் ஆற வழி உண்டு. உள்விளிம்பில் நார் நாராகப் பிய்ந்தால் எந்த நூலாலும் அதை ஒட்ட வைப்பது அரிது.

ஆறக்கூடிய கிழிசலை எட்டவும் வழி வேண்டும். சிறு துளை வழியாகக் குழலை விட்டு மூட்டுக்குள் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப்பி ஜப்பானில் வளர்ந்தது. 1918-இல் டோக்கியோவில் தாகாகி ஓர் உயிரற்ற உடலின் முழங்காலுக்குள் குழலை விட்டுப் பார்த்ததிலிருந்து தொடங்கி, வாட்டனாபே அதைப் பயன்படு கருவியாக்கினார். 1969-இல் இகேயுச்சி குழல் வழியாகவே சவ்வைத் தைத்தார். அதன் பிறகு உள்ளிருந்து வெளியே ஊசி போட்டுத் தைக்கும் முறை தேர்ந்தது. இன்றும் நம்பகமான முறை அது. ஆனால் முட்டின் பின்புறமோ பக்கவாட்டிலோ இன்னொரு வெட்டு வேண்டும். அங்கே நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. தேர்ந்த கையும் நேரமும் தேவை. வெளியே வெட்டே இல்லாமல், குழலுக்குள்ளிருந்தே கிழிசலைப் பிணைத்துவிட முடியாதா என்ற தேடலில் பிறந்ததுதான் கரையும் அம்பு.

அம்பின் கதை

பின்லாந்தின் தாம்பெரே நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட்டி டொர்மாலா, லாக்டிக் அமிலத்தின் நீண்ட சங்கிலியான பாலிலாக்டிக் பொருளை, அதே பொருளின் இழைகளாலேயே வலுவூட்டும் வழியைக் கண்டார். ஹெல்சின்கியில் பென்ட்டி ரொக்கானென் 1984-இல் கரையும் தண்டுகளால் உடைந்த கணுக்கால் எலும்பைப் பொருத்தினார். உலோகத் திருகாணி வைத்தால் அதை எடுக்க இன்னோர் அறுவை வேண்டும், இதற்கு வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஆல்பிரெக்ட்-ஓல்சென் இதே பொருளில் முட்டுச் சவ்வுக்கான அம்பைக் கொண்டுவந்தார். 1996-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது.

அந்த அம்பைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு சிறு முள்ளளவுதான் இருக்கும். தண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நீளம் 10, 13, 16 மில்லிமீட்டர் என்று மூன்று அளவு. தண்டு நெடுகப் பின்னோக்கிய சிறு முட்கள். அடியில் குறுக்கே ஒரு தலை. மருத்துவர் வளைந்த குழலைக் கிழிசலின் மேல் வைத்து, முதலில் ஊசியால் வழி செய்து, அம்பை உள்ளே தள்ளுவார். முட்கள் வெளிப்பக்கத் திசுவில் மாட்டும், தலை உள்பக்கத்தை அழுத்தும், நடுவே கிழிசலின் இரு உதடுகளும் சேர்ந்து நிற்கும். முடிச்சும் வேண்டாம், கூடுதல் வெட்டும் வேண்டாம், சில நிமிட வேலை. மூட்டிலுள்ள நீர் பாலிலாக்டிக் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். மிஞ்சும் லாக்டிக் அமிலத்தை உடல் தன் வழக்கமான வழியில் எரித்துக் கரியமில வாயுவும் நீருமாக வெளியேற்றும். கடுமையாக உழைக்கும்போது நம் தசைகளில் ஊறுவதும் இதே லாக்டிக் அமிலம்தான்.

எண்ணம் அழகானது. மருத்துவ உலகம் அதை ஆர்வத்தோடு ஏற்றது. முதல் இரண்டு ஆண்டு முடிவுகளும் நன்றாகவே இருந்தன. பிறகு புகார்கள் ஒவ்வொன்றாக வந்தன. சவ்வின் மேல் துருத்தி நின்ற கடினமான தலை, எதிரே இருந்த தொடை எலும்பின் வழவழப்பான குருத்தெலும்பைச் சுரண்டிப் பள்ளம் போட்டது. சிலருக்கு அம்பு ஒடிந்து மூட்டுக்குள் அலைந்தது. சிலருக்குத் தோலுக்கடியில் முனை வந்து நின்று குத்தியது. சிலருக்கு மூட்டு வீங்கியது. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் சிலுவை நாணின் சீரமைப்போடு சேர்த்து இந்த அம்பு வைக்கப்பட்டவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்தது. இரண்டேகால் ஆண்டு வாக்கில் 90.6 சதவீதமாக இருந்த வெற்றி, ஆறரை ஆண்டு வாக்கில் 71.4 சதவீதமாக இறங்கியிருந்தது.

கரையும் என்று சொன்ன பொருள் நினைத்த வேகத்தில் கரையவும் இல்லை. நெதர்லாந்தில் கன்ன எலும்பு முறிவுக்கு இதே வகைப் பொருளால் தகடு வைக்கப்பட்டவர்களில் சிலருக்கு, மூன்று ஆண்டு கழித்து அந்த இடம் வீங்கியது. ஐந்தாண்டு கடந்தும் துகள்கள் திசுவில் இருந்தன. மறுபக்கம், வேகமாகக் கரையும் பாலிகிளைகாலிக் தண்டுகள் சிலருக்குக் கிருமியே இல்லாத வீக்கத்தையும் கசிவையும் தந்தன. சவ்வு ஆறும் வரை பிடி தளரக் கூடாது. ஆறிய பிறகு அங்கே இருக்கவும் கூடாது. இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே சரியான காலக் கணக்கைப் பிடிப்பதுதான் இந்தத் துறையின் கடினமான வேலை.

அம்பு மெல்லப் பின்வாங்கியது. அதன் இடத்துக்கு, சிறு நங்கூரங்களும் அவற்றை இணைக்கும் நூலும் முன்கூட்டியே போட்ட நழுவு முடிச்சும் கொண்ட கருவிகள் வந்தன. துருத்தும் தலை போய், மெல்லிய நூல் மட்டும் சவ்வின் மேல் கிடக்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள நங்கூரங்களில் கரையாத பீக் என்ற நெகிழிப் பொருளால் ஆனவை உண்டு. முழுக்க நூலாலேயே ஆனவையும் உண்டு. எந்த முறையானாலும் ஐந்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தைத்தவற்றில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை மீண்டும் கிழிகின்றன. நான்கில் மூன்று நிற்கின்றன. வெட்டி எடுத்த சவ்வு ஒருபோதும் திரும்பி வராது என்பதை வைத்துப் பார்த்தால், இது பிடித்துக்கொள்ள வேண்டிய வாய்ப்பு.

யாருக்குத் தையல்

தைக்க வேண்டும் என்ற வாதத்தை எல்லா முட்டு வலிக்கும் நீட்டிவிடக் கூடாது. நாற்பது வயதுக்கு மேல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் சவ்வில் கிழிசல் தெரியும். அது வயதின் தேய்மானம். 2013-இல் பின்லாந்தில் 146 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பாதிப் பேருக்குக் கிழிந்த சவ்வை வெட்டிச் சீராக்கினார்கள். மறு பாதிப் பேருக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓர் ஆண்டு கழித்து இரு தரப்பாருக்கும் கிடைத்த நிவாரணம் ஏறத்தாழ ஒன்றுதான். தேய்மானக் கிழிசலுக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் உடல் எடைக் குறைப்பும் முதல் மருந்து. எம்.ஆர்.ஐ. தாளைக் காட்டி உடனே அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று தரப்பினருக்குத் தையல் மிக அவசியம். முதலாவது, இளைஞர்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே உள்ள கடலோர ஊர்கள் கால்பந்துக்குப் பேர்போனவை. இந்தியன் சூப்பர் லீக் வரை போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். 2020 நவம்பரில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு, பருவம் முழுக்க ஆட முடியாமல் போனதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அவர் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் கிளப்பும் மருத்துவக் குழுவும் நிற்கும். மணலில் ஆடும் பதினெட்டு வயதுப் பையனுக்கு யாரும் இல்லை. சிலுவை நாணோடு சேர்ந்து சவ்வும் கிழியும்போது, இரண்டையும் ஒரே அறுவையில் சீராக்கினால் சவ்வு ஆறும் வாய்ப்பு கூடும்.

இரண்டாவது, கிழிந்த சவ்வின் ஒரு பகுதி வாளிக் கைப்பிடி போலத் திரும்பி மூட்டுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறவர்கள். கால் பூட்டிக்கொள்ளும், நீட்ட வராது. ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. ஆடும் தளத்தில் கால் ஊன்றி வலை இழுக்கும்போது இது நேர்ந்தால் கரை சேரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். கரைக்கு வந்த பிறகும் எண்ணெய்க் கட்டில் வாரங்கள் ஓடிவிட்டால், சிக்கிய துண்டு நசுங்கி உருமாறித் தைக்க முடியாததாகிவிடும். குமரி மாவட்டத்தின் வர்ம ஆசான்கள் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை தலைமுறைகளாக ஊறியது. பூட்டிக்கொண்ட முட்டைத் தடவி, இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் ஆசான், தன் வித்தைக்கும் பெருமை சேர்ப்பார்.

மூன்றாவது, அதிகம் கவனிக்கப்படாதவர்கள்: குத்தவைத்து வேலை செய்யும் நடுவயதுப் பெண்கள். சவ்வின் பின்முனை எலும்போடு ஒட்டியிருக்கும் வேர் அறுந்துபோவது குத்தவைத்தும் தரையில் உட்கார்ந்தும் பழகிய ஆசிய நாட்டவரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. எழும்போது முட்டின் பின்புறம் 'டக்'கென்று ஒரு சத்தம், உடனே கடும் வலி. வேர் அறுந்த சவ்வு பாரம் தாங்காது. முழுச் சவ்வையும் எடுத்ததற்குச் சமம். எக்ஸ்ரேயில் இது தெரியாது. 'வயசாகுது, தேய்மானம்' என்று மாத்திரையோடு அனுப்பிவிட்டால், மூட்டு வேகமாகத் தேயும். எலும்பில் சிறு துளையிட்டு நூலால் வேரை இழுத்துக் கட்டும் அறுவை உண்டு. அதற்கு உரிய நேரத்தில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும்.

அந்த ஆறு மாதம்

தைத்த பிறகு நடப்பதுதான் பாதி வைத்தியம். தொடக்கத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் கைத்தடி. முட்டை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. அதன் பிறகு படிப்படியான பயிற்சி. குத்தவைப்பது, மணலில் ஓடுவது, பாரம் தூக்குவது எல்லாம் நான்கு முதல் ஆறு மாதத்துக்குப் பின்புதான். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லாதவருக்கு முதல் மாதமே சோதனை. வட்டிக்கு வாங்கிய பணம் வள்ளத்திலும் வலையிலும் இருக்கும்போது, ஒரு மீனவர் ஆறு மாதம் திண்ணையில் உட்கார முடியுமா? முடியாமல் எட்டாவது வாரம் கடலுக்குப் போய், ஆறிக்கொண்டிருந்த தையல் பிரிந்தால் பழி அறுவையின் மேல் விழும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களின் பிழைப்பை யார் ஏற்பது? தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம் பெருகட்டும் என்று கடலுக்கு ஓய்வு தருகிறோம். அந்த ஓய்வுக்காக மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 8,000 ரூபாயாக உயர்த்தவும்பட்டது. கடலுக்கு ஓய்வு தேவை என்று ஒப்புக்கொண்டு பணம் ஒதுக்கும் அரசுக்கு, அதில் இறங்கும் மனிதனின் அறுவை செய்த காலுக்கும் ஓய்வு தேவை என்பதை ஏற்பது கடினமாக இருக்க முடியாது. மீனவர் நல வாரியமும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களும், அறுவைக்குப் பின் மருத்துவர் சான்று தரும் மாதங்களுக்கு மாதாந்தர மீட்புத் தொகை வழங்க வேண்டும். மூட்டு மாற்று அறுவைக்கு நாளை காப்பீடு கொடுக்கப்போகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

இதற்கென்று புதிய அமைப்பு எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. சவ்வு தைத்தவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். மே மாதத்தில் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் துறைமுகங்களில் எலும்பு மருத்துவர்கள் முகாம் நடத்தி முட்டுகளைச் சோதித்தால், அவசரமில்லாத அறுவைகளை ஜூன் தொடக்கத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் வைத்துக்கொள்ளலாம். விசைப்படகுத் தொழிலாளிக்கு ஓய்வின் முதல் இரண்டு மாதம் தடைக்காலத்திலேயே கழிந்துவிடும். பூட்டிக்கொண்ட முட்டுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது.

ஐம்பது கிலோமீட்டரில் ஒரு முன்மாதிரி

அடுத்தது கருவியின் விலை. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை ஆணையம் மூட்டு மாற்று உறுப்புகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சராசரியாக விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. தேய்ந்து முடிந்த மூட்டுக்கு விலைக் கட்டுப்பாடு இருக்கிறது. தேயாமல் காக்கும் தையல் கருவிக்கும் நங்கூரத்துக்கும் அப்படியோர் உச்சவிலை வேண்டாமா? ஒரு கிழிசலுக்கு இரண்டு, மூன்று தையல் தேவைப்படும். ஒவ்வொரு தையலுக்கும் தனிக் கருவி. இவற்றில் பெரும்பகுதி இறக்குமதி. கருவியின் விலை காரணமாகத் தைக்கக்கூடிய சவ்வை வெட்டி எடுக்கும் நிலை எந்த மருத்துவமனையிலும் இருக்கக் கூடாது. காப்பீட்டுப் பட்டியல் இதற்கு இடம் தர வேண்டும்.

இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் இருக்கிறது. அங்கே எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவின் சொந்தச் செயற்கை இதய வால்வு உருவானது. முதல் வடிவங்கள் சோதனையில் தோற்றன. நான்காவது வடிவமே நின்றது. செம்மறியாடுகளில் சோதித்த பிறகு 1990 டிசம்பர் 6 அன்று மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதோடு விட்டுவிடாமல், பொருத்தப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது போய்ச் சேர்ந்தது. தோல்வியை மறைக்காமல் சோதித்ததும், வெற்றிக்குப் பின்னும் கண்காணித்ததும் அந்த வால்வைக் காப்பாற்றின. கரையும் அம்புக்கு முதலில் கிடைக்காமல் போனது இந்த நீண்ட கண்காணிப்புதான்.

பாலிலாக்டிக் பொருளின் மூலம் மாவுச்சத்தோ சர்க்கரையோ. அதைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் சோளம், தாய்லாந்தில் கரும்பு. குமரி மாவட்டத்தில் விளையும் மரச்சீனி மாவிலிருந்தும் எடுக்கலாம். உடலுக்குள் வைக்கும் தரத்துக்கு அதைத் தூய்மையாக்குவது நீண்ட, செலவு மிக்க வேலை. ஆனால் மூலப்பொருளும், கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், உயிரிமருத்துவ ஆய்வகமும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது அரிது. குத்தவைத்து வேலை செய்யும் நம் மக்களின் முட்டுக்கு ஏற்ற, முழு மடக்கலைத் தாங்கும் கருவியை வடிவமைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நாற்காலியில் உட்காரும் நாடுகளின் முழங்காலை அளவாக வைத்து உருவான கருவிகளையே நாம் என்றும் வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2015-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் மருத்துவர் பதிவு செய்தால்தான் அது உயிர் பெறும். சவ்வு தைத்தவர்களுக்கு மாநில அளவில் ஒரு பதிவேடு வேண்டும். என்ன கருவி, எந்தத் தேதி, இரண்டாம் ஆண்டில் எப்படி, ஐந்தாம் ஆண்டில் எப்படி என்று அது சொல்ல வேண்டும். ஐரோப்பிய முட்டுகளின் கணக்கை வைத்து இந்தக் கரையின் முட்டுகளுக்கு எத்தனை நாள் வைத்தியம் பார்ப்பது?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முட்டு திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, எழும்போது 'டக்'கென்ற சத்தத்தோடு வலித்தாலோ, அடிபட்ட சில மணி நேரத்தில் வீங்கினாலோ தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கிழிந்தது எந்த ஜவ்வு, எந்த இடத்தில்? அதைத் தைக்க முடியுமா, முடியாதென்றால் ஏன்? உள்ளே வைக்கப்போகும் பொருள் எது, அது கரையுமா, கரையாதா? அறுவைக்குப் பின் அந்தக் கருவியின் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மருத்துவர் சொன்ன மாதங்கள் முடியும் வரை குத்தவைக்காதீர்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவைக்குக் கொடுக்கும் பணத்தோடு, ஆறுவதற்குத் தேவையான மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். முழங்காலை மடக்கிப் பிழைக்கும் மனிதருக்குச் செய்யும் வைத்தியம் அப்போதுதான் முழுமையாகும்.